கவட்டைக்குள் நுழையுமா? டொமஹாக், தம்பர், மற்றவை

கேள்வி: 2 மார்ச் 2024, சனி

அண்ணா, அமெரிக்காவில் ராலேயில் இருக்கிறேன். டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டு மாதிரி டிஸ்க்கை எறிந்து குறைந்த வீச்சுகளில் சங்கிலிக் கூடைக்குள் போடும் ஆட்டம், ஆட ஆரம்பித்து ஏழு மாதம். பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே பின்னால் இழுத்து எறிவது) 200 அடி தாண்டவே திணறுகிறேன். ஆனால் ஊரில் கிரிக்கெட் ஆடிய கை என்பதால் டொமஹாக் (தலைக்கு மேல் ஓங்கி, டிஸ்க்கை நட்டுக்குத்தாக விடுவது) எறிந்தால் அதே 200 அடி அலட்டாமல் போகிறது. மரத்துக்குள் மாட்டினால் யோசிப்பதே இல்லை, டொமஹாக்தான். கூட ஆடுகிறவர்கள் தம்பர் (அதே தலைக்கு மேல் வீச்சு, கட்டைவிரல் பிடியில்) கற்றுக்கொள், ஃபோர்ஹேண்ட் (கையைப் பக்கவாட்டில் வீசி எறிவது) கற்றுக்கொள் என்று உயிரை எடுக்கிறார்கள். சந்து குறுகலாக இருந்தால் டிஸ்க்கை நட்டுக்குத்தாக விட்டால் போதாதா? ஒன்றை உருப்படியாக வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. சரிதானே?

2 மார்ச், இரவு 9.50

முக்கால்வாசி சரி. டிஸ்க்கின் குறுக்களவு 21 செ.மீ. படுக்கையாகப் போனால் அவ்வளவு அகல வழி வேண்டும். நட்டுக்குத்தாகப் போனால் இரண்டு செ.மீ. போதும். இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் பேக்ஹேண்ட்காரர் நின்று தலையைச் சொறிவார், நம் ஆள் கோடாலி மாதிரி ஓங்கி விட்டுவிட்டு நடந்துவிடுவார். குறுகிய சந்து என்றால் டொமஹாக். நானும் பத்து வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

மீதிக் கால்வாசியை நாளைக்கு எழுதுகிறேன்.

3 மார்ச், காலை

முதலில் பிடி. டொமஹாக்குக்கு ஃபோர்ஹேண்ட் பிடிதான்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விளிம்பின் உட்புறம், கட்டைவிரல் மேல்முகத்தில். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் வலக்கைக்காரருக்கு டிஸ்க்கின் மேல்முகம் தலைப் பக்கம் பார்க்கும். தம்பருக்குக் கட்டைவிரல் விளிம்பின் உட்புறம் போய்விடும், மற்ற விரல்கள் மேல்முகத்தில் படியும். அப்போது மேல்முகம் வெளிப்பக்கம் பார்க்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். சுழற்சி எதிரெதிர், நகர்வும் எதிரெதிர்.

இரண்டுக்கும் பொதுவான விஷயம், டிஸ்க் நட்டுக்குத்தாகவே கடைசி வரை போகாது. பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் விழாமல் வேறு பக்கம் சாய்கிறதே, அதே கதை. காற்று டிஸ்க்கின் முன்பக்கத்தை ஒரு திசையில் அழுத்தும், சுழற்சி அதைச் சாய்வாக மாற்றிவிடும். மேல்முகம் மெல்லக் கீழே திரும்பும். சாதாரண வீச்சில் டிஸ்க் பறப்பது, கழுவிக் கவிழ்த்து வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி. டொமஹாக்கில் நடுவானில் அந்தத் தட்டு நிமிர்ந்துவிடும், சோறு போட வேண்டியதுதான் பாக்கி. இன்னும் உயரம் மிச்சமிருந்தால் அதையும் தாண்டித் திரும்பி மறு விளிம்பில் இறங்கும்.

பக்கவாட்டு நகர்வும் இதோடு மாறும். திரும்பும்போது ஒரு பக்கம், தாண்டித் திரும்பிய பிறகு மறுபக்கம். என் வலக்கையில் உயரமாக விட்ட தம்பர் கடைசியில் வலப்பக்கம் இறங்குகிறது, டொமஹாக் இடப்பக்கம். தாழ்வாக விட்டால் அந்தக் கடைசித் திருப்பம் வருவதற்குள் தரை வந்துவிடும். ஆகவே "தம்பர் வலம், டொமஹாக் இடம்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டாம். உன் கை, உன் டிஸ்க், உன் உயரம். காலி மைதானத்தில் இரண்டிலும் பத்துப் பத்து எறிந்து பார்.

3 மார்ச், மதியம்

"நடுவானில் டிஸ்க் தலைகீழாகிறது என்று சொல்லாமல் நிமிர்கிறது என்கிறீர்களே" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். ஐயா, டிஸ்க்குக்கு அது தலைகீழ், சாப்பாட்டுத் தட்டுக்கு நிமிர்வு. எனக்குப் பசி நேரம்.

3 மார்ச், இரவு

எந்த டிஸ்க் என்று கேட்டிருந்தீர்கள். நான் வைத்திருப்பது இன்னோவா கம்பெனியின் ஃபயர்பேர்ட், 175 கிராம், சாம்பியன் என்ற உறுதியான பிளாஸ்டிக். எண்கள் 9, 3, 0, 4. அதாவது வேகம், மிதப்பு, ஆரம்பத் திரும்பல், கடைசிச் சாய்வு. மூன்றாவது எண் பூஜ்யத்தை ஒட்டியும் நான்காவது பெரிதாகவும் இருக்கும் முரட்டு டிஸ்க்குகள் மெதுவாகத்தான் திரும்பும், நட்டுக்குத்தாக அதிக தூரம் போகும். டெஸ்ட்ராயர் மாதிரி மூன்றாவது எண் மைனஸில் இருப்பவை சீக்கிரம் திரும்பிவிடும். நாள்பட்டுத் தேய்ந்த டிஸ்க்கும் அப்படித்தான். மலிவு பிளாஸ்டிக்கில் வேண்டாம், மரத்தில் நாலு அடி பட்டதும் விளிம்பு நாய் கடித்த மாதிரி ஆகிவிடும்.

9 மார்ச், சனி

போன வாரம் எழுதியதில் ஒரு பெரிய தப்பு. இன்று ஒன்பதாவது ஹோலில் (முதல் வீச்சு விடும் இடத்திலிருந்து ஒரு கூடை வரை ஒரு ஹோல்) அது என் மண்டையில் ஏறியது.

சார்லட்டில் நான் ஆடும் பார்க்கில் ஒன்பதாவது ஹோல் இறக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கம் ஓடை, உள்ளே போனால் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது எல்லைக்கு வெளியே, ஒரு வீச்சு தண்டம். வலப்பக்கம் லாப்லாலி பைன் மரங்கள் வரிசையாக. இரண்டுக்கும் நடுவே பெரிய டூலிப் பாப்லர். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து, உண்டிவில் செய்ய வெட்டிய மாதிரி ஒரு கவட்டை. கூடை சரியாக அதற்குப் பின்னால்.

முதல் வீச்சு வலப்பக்கப் பைன் மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால் காலடியில் ஸ்வீட்கம் முட்காய்கள், முதுகுக்குப் பின்னால் மரம். பேக்ஹேண்டுக்குக் கையைப் பின்னால் இழுக்க இடமில்லை. நிமிர்ந்து பார்த்தால் கவட்டை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. குறுகிய சந்து என்றால் டொமஹாக், நானே எழுதியதுதான். ஓங்கி விட்டேன்.

போனது நேராகத்தான் போனது. கையை விட்டபோது கத்தி மாதிரி நட்டுக்குத்து. மரத்தை நெருங்கும்போது தட்டு நிமிர்ந்துவிட்டது. 21 செ.மீ. தட்டு, அதைவிடக் குறுகலான கவட்டை. டக் என்று ஒரு சத்தம். விழவில்லை. யாரோ மேலே ஏறி வைத்துவிட்டு வந்த மாதிரி கவட்டையில் உட்கார்ந்துவிட்டது. ஆரஞ்சு நிறம், கீழிருந்து பளிச்சென்று தெரிகிறது.

பிறகு நடந்து அளந்தேன். நான் நின்ற இடத்திலிருந்து மரம் வரை 42 தப்படி வைத்தேன், தோராயமாக 105 அடி தூரம். என் டொமஹாக் நட்டுக்குத்தாகப் போவது முதல் 50, 60 அடிதான். அதற்குப் பிறகு அது சந்துக்குள் நுழையும் ஆயுதம் அல்ல, அகலமான தட்டு.

ஆக 2 மார்ச் குறிப்பை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: குறுகிய சந்து முகத்துக்கு முன்னால் இருந்தால் தலைக்கு மேல் வீச்சு. சந்து தூரத்தில் இருந்தால் அதை மறந்துவிட்டுத் தாழ்வாக, நேராக, புட்டரையோ மிட்ரேஞ்சையோ (இரண்டும் மெதுவாகப் பறக்கும் டிஸ்க் வகைகள்) மெல்லத் தள்ளுவது மேல். சந்து எவ்வளவு குறுகல் என்று பார்ப்பதற்கு முன் எத்தனை தப்படியில் போகலாம் என்று பார். பத்து வருடமாக ஆடுகிறேன் என்று பெருமை பேசினேனே, பத்து வருடத்தில் இதை ஒரு தடவைகூட நடந்து அளந்ததில்லை.

9 மார்ச், கொஞ்சம் கழித்து

மரத்தில் தங்கியதற்குத் தண்டம் உண்டா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூட ஆடிய நண்பரும் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். இரண்டு மீட்டருக்கு மேல் தங்கினால் தண்டம் என்ற விதி, போட்டி நடத்துபவர் முன்கூட்டி அறிவித்தால் மட்டுமே. இல்லாவிட்டால் நேர்க் கீழே தரையில் அடையாளம் வைத்து அடுத்த வீச்சு. டிஸ்க் கிடைக்காதது தனித் துக்கம், அதற்கு விதிப்புத்தகத்தில் ஆறுதல் எதுவும் இல்லை.

10 மார்ச், ஞாயிறு

இன்று முதல் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால். ஆபீஸ் முடிந்து வந்து ஒன்பது ஹோல் ஆட வெளிச்சம் கிடைக்கும். வருடத்தில் எனக்கு நிஜமான பண்டிகை நாள் இதுதான், வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

கவட்டையைப் பார்க்கப் போனேன். அங்கேயே இருக்கிறது. கல் எறிந்தேன், விழவில்லை. இன்னொரு டிஸ்க் எறிந்து இதை விழவைக்கலாம் என்று தோன்றியது. அப்படி ஆரம்பித்துத்தான் ஒரு மரத்தில் மூன்று டிஸ்க் தொங்கவிட்டவரை எனக்குத் தெரியும். வந்துவிட்டேன்.

12 மார்ச்

நிற்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. வீசும் கணத்தில் ஒரு காலாவது டிஸ்க் கிடந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டத்தில் பட வேண்டும். 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம், கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாள். இன்னொரு கால் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அடையாளத்தை விடக் கூடைக்கு அருகே மட்டும் கூடாது. கிளையை ஒடிப்பதோ மடக்கி ஒதுக்கி வைப்பதோ கிடையாது. புதருக்குப் பின்னால் மாட்டி, பேக்ஹேண்டுக்குக் கை இழுக்க இடமில்லை, ஃபோர்ஹேண்டுக்கு இடுப்புப் பக்கம் முள் என்றால், தலைக்கு மேல் மட்டும் வானம் திறந்திருக்கும். தலைக்கு மேல் வீச்சு சோறு போடுவது அங்கேதான். மரத்தைத் தாண்டும் அழகுக்காக இல்லை, கைக்கு வேறு இடமில்லாததால்.

இதில் எனக்கு நடந்தது: கூடையிலிருந்து எட்டு மீட்டர், நடுவே ஆள் உயரப் புதர். குட்டித் தம்பர் ஒன்று விட்டேன், சங்கிலியில் விழுந்தது. கொண்டாட்டம். ஆனால் வீசிய வேகத்தில் கால் தடுமாறி இரண்டு அடி முன்னால் போய்விட்டேன். பத்து மீட்டருக்குள் இருந்தால் வீசிவிட்டு நிதானமாக நின்று காட்டிய பிறகுதான் முன்னால் போகலாம். கூட இருந்தவர் கையைத் தூக்கிவிட்டார். நியாயம்தான். அன்று அவருக்கு நான் காபி வாங்கித் தரவில்லை, அதுவும் நியாயம்தான்.

16 மார்ச், சனி

"கிரிக்கெட் கை" பற்றி. தம்பி எழுதியது, நானும் ஆமோதித்தது. பவுண்டரியிலிருந்து கீப்பருக்கு எறிந்த கைக்கு டொமஹாக் இயல்பாக வருகிறது, உண்மை. பேக்ஹேண்ட் என்பது நமக்கு முப்பது வயதுக்கு மேல் கற்கும் புது மொழி, இது தாய்மொழி மாதிரி. கிரிக்கெட் பந்து 160 கிராம் வாக்கில், டிஸ்க் 175. எடைகூட ஒன்றுதான் என்று எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போதே நினைவு வந்தது. நான் எந்தக் காலத்தில் கிரிக்கெட் பந்தில் ஆடினேன்? தெருவில் டென்னிஸ் பந்து. அது 58 கிராம். இந்தக் கை பழகியது மூன்றில் ஒரு பங்கு எடைக்கு. தோள் ஏன் வலிக்கிறது என்று இப்போது புரிகிறது.

வலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 கோடையில் ஒரு நாள் வெறி பிடித்து டொமஹாக் மட்டுமே ஆடுவது என்று பதினெட்டு ஹோல் ஆடினேன். மறுநாள் காலை சட்டைக்குள் கை நுழையவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஆறு வாரம் எறியக் கூடாது என்றார். பிறகு விட்டுக்கொடுத்து, சூடேற்றாமல் ஒன்றுகூடக் கூடாது, ஒரு ஆட்டத்துக்கு ஐந்தாறுக்கு மேல் கூடாது என்றார். அப்போது எனக்கு 43. தம்பிக்கு 29 என்று நினைக்கிறேன். 29 வயதுத் தோளுக்கு எதுவும் தெரியாது.

எறியும்போது கையை மட்டும் ஓங்காதே. இடுப்பு முதலில் திரும்பட்டும், உடம்பு இடப்பக்கம் கொஞ்சம் சாயட்டும், கை அதன் பின்னால் வரட்டும். உடம்பைச் சாய்க்காமல் கையை மட்டும் காதோரமாக நேரே தூக்கினால் தோள்தான் முழுக்கணக்கையும் கட்டும்.

17 மார்ச்

ஒருவர் "கையை அப்படி ஓங்கினால் பார்க்கில் எல்லாரும் பயந்து ஓடுகிறார்கள்" என்கிறார். ஓடட்டும். ஆனால் விடுவதற்கு முன் பக்கத்து ஹோலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிடு. பேக்ஹேண்ட் தப்பிப் போனால் எங்கே போகும் என்று ஊகிக்கலாம், டொமஹாக் தப்பினால் பிரம்மாவுக்கும் தெரியாது. தப்பிவிட்டால் கூச்சப்படாமல் "ஃபோர்!" என்று கத்து.

23 மார்ச், சனி

காற்று. இன்று நல்ல குறுக்குக் காற்று. தலைக்கு மேல் வீச்சு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, எனக்கும் இருந்தது. எதிர்க்காற்றுக்கு அது பாதி உண்மை. கிழிக்கும், ஆனால் சீக்கிரம் திரும்பிவிடும், 60 அடி என்று சொன்ன நட்டுக்குத்து 40 ஆகிவிடும். பக்கக் காற்றுக்கு முழுப் பொய். நட்டுக்குத்தாகப் பறக்கும் டிஸ்க் காற்றுக்குத் தன் முழு முகத்தையும் காட்டிக்கொண்டு போகிறது. பாய்மரம்தான். இன்று ஆறாவது ஹோலில் பத்து அடி வலப்பக்கம் பார்த்து விட்டது, இருபத்தைந்து அடி இடப்பக்கம் போய் ஓடைக்கரையில் நின்றது. கரையில் நின்றது, உள்ளே இல்லை. சொல்லிவிட்டேன்.

23 மார்ச், மாலை

தரையைப் பற்றி இதுவரை எழுதவே இல்லை. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். இந்தப் பக்கத்து மண் செம்மண் களி. மழை பெய்த மறுநாள் விளிம்பில் இறங்கும் டிஸ்க் கேக்கில் கத்தி மாதிரி குத்தி நிற்கும், பிடுங்கினால் நகத்துக்குள் செம்மண். நிமிர்ந்த தட்டாக இறங்கினால் கொஞ்ச தூரம் வழுக்கும், அவ்வளவுதான். பத்து நாள் வெயில் காய்ந்த பிறகு அதே மண் சிமெண்ட். விளிம்பில் இறங்கினால் துள்ளி, சக்கரமாக எழுந்து, இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உருண்டுவிடும். கூடைக்குப் பத்தடியில் இறங்கிய டொமஹாக்கை எழுபது அடி தள்ளிப் போய் எடுத்திருக்கிறேன்.

காய்ந்த தரை, கூடைக்குப் பின்னால் இறக்கம், இந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு இப்போது டொமஹாக் கிடையாது. சந்து எவ்வளவு அழைத்தாலும்.

30 மார்ச்

"அப்படியானால் எதை எறிவது, எல்லாவற்றையும் கூடாது என்கிறீர்கள்" என்று தம்பியின் புலம்பல். கூடாது என்று சொல்லவில்லை, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இல்லை என்கிறேன்.

முன்னால் மரம், மேலே திறந்த வானம், பின்னால் கை இழுக்க இடம் இருக்கிறது: ஸ்பைக் ஹைசர். பேக்ஹேண்டிலேயே டிஸ்க்கை நன்றாகச் சாய்த்து மிக உயரமாக ஏற்றிவிடுவது. மேலே போய் வேகம் செத்ததும் கத்தி மாதிரி இறங்கும். எங்கே விழும் என்று எனக்கு டொமஹாக்கைவிட நன்றாகச் சொல்ல வருகிறது. தோளும் வாழ்த்தும். தலைக்கு மேல் எறிய வேண்டும் என்று நான் கைகள் பரபரத்த இடங்களில் பாதிக்கு இதுவே விடை, இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

கிட்டத்தில், செங்குத்தான இறக்கத்தில், இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும் என்றால் கிரனேட். பேக்ஹேண்ட் மாதிரிதான், ஆனால் டிஸ்க்கைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து மேல்நோக்கிக் கிளப்புவது. நின்ற இடத்துக்கு மேலே போய்ச் செத்து விழும். பார்க்க விளையாட்டாக இருக்கும். நான் பத்தில் நாலு ஒழுங்காகப் போடுவேன், மீதி ஆறைக் கேட்காதீர்கள்.

மேலே கூரை மாதிரி கிளைகள் மூடியிருந்தால் உயரமான எதுவும் இல்லை. முழங்காலிட்டுத் தாழ்வான ஃபோர்ஹேண்ட். ஃபோர்ஹேண்ட் கற்கச் சொல்லி உன் நண்பர்கள் உயிரை எடுப்பது இதற்காகத்தான். பிடி டொமஹாக் பிடியேதான் தம்பி, கை மட்டும் கீழே இறங்க வேண்டும்.

தம்பர்? டொமஹாக் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கூடை இருந்தால். அப்புறம் மழை நாளில் நான் தம்பரைத் தொடுவதில்லை. ஒற்றைக் கட்டைவிரலை நம்பி ஈர டிஸ்க்கை ஓங்குவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. கட்டைவிரலில்தான் பிடி அதிகம் என்று வாதாடுபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பெரிய கட்டைவிரல் போல.

31 மார்ச்

நேற்று எழுதியதும் ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. இங்கிருந்து தெற்கே அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் ராக் ஹில், அங்கே வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கிறது. அங்கே 17ஆவது ஹோல் பேர்போனது. சுமார் 250 அடிதான், ஆனால் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு மாதிரி ஆக்கியிருப்பார்கள். தீவுக்குள் இறங்கி, உள்ளேயே நிற்க வேண்டும்.

ஒரு அக்டோபரில் கயிற்றுக்கு வெளியே இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றேன். 250 அடி என்பது தலைக்கு மேல் வீச்சுக்கு எட்டும் தூரம், யாராவது எறிவார்கள் என்று காத்திருந்தேன். நான் நின்ற வரை ஒருவரும் எறியவில்லை. பேக்ஹேண்ட் ஹைசர், ஃபோர்ஹேண்ட், மறுபடி ஹைசர். அவர்களில் பலருக்கு என்னைவிட இருமடங்கு தூரம் தம்பர் போகும். இருந்தும் பைக்குள் கை அதைத் தேடவில்லை. வழியில் மரம் மறிக்கவில்லை, கைக்கு இடம் இருக்கிறது, பிறகு எதற்கு? அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மறுநாள் நான் ஆடிய ஆட்டத்தில் காலி மைதானத்தில் மூன்று டொமஹாக். பார்த்துப் படித்த லட்சணம் அவ்வளவு.

6 ஏப்ரல், சனி

இன்று கணக்கு எழுதி ஆடினேன். தலைக்கு மேல் வீசத் தோன்றியது ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் நின்று, தரை என்ன, மேலே கூரை உண்டா, சந்து எத்தனை அடி தூரம், கைக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு மிஞ்சியது மூன்று. இரண்டு நன்றாகப் போயின. மூன்றாவது பைனில் பட்டு என் காலடிக்கே திரும்பி வந்தது, வளர்த்த நாய் மாதிரி.

மீதி ஆறில் ஏன் அதை எறியத் தோன்றியது என்று யோசித்தேன். எறிவது பிடிக்கும். அவ்வளவுதான் காரணம். பேக்ஹேண்டில் நான் கணக்குப் போடுகிறவன், டொமஹாக்கில் லாங் ஆனில் நிற்கும் பதினான்கு வயதுப் பையன்.

7 ஏப்ரல்

"சாவி, பூட்டு" உவமையை விட்டுவிட்டு எத்தனாவது ஹோலில் எதை எறிவது என்று பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் கிடையாது. போய் நடந்து அளங்கள்.

7 ஏப்ரல், பின்னிரவு

தடம் மாறிப் போகிறேன், தூக்கம் வரவில்லை. மரத்தில் தொங்கும் என் ஆரஞ்சு டிஸ்க்கை நினைத்துக்கொண்டிருந்தபோது எட் ஹெட்ரிக் நினைவு வந்தது. சங்கிலிக் கூடையைக் கொண்டுவந்தவர். 1975இல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவர். 2002இல் இறந்தபோது அவர் விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். நம்மவர் அஸ்தியைக் காவிரியில் கரைக்கிறோம். மரக்கவட்டையில் மாட்டிக்கொண்டு காலம் தள்ளுவதும் ஒருவித முக்திதான் போல. சரி, படுக்கிறேன்.

13 ஏப்ரல், சனி

நாளை வருடப் பிறப்பு, மாங்காய் தேடி இரண்டு கடை அலைய வேண்டும், ஆட்டம் கிடையாது. இன்று மட்டும் ஒன்பதாவது ஹோல் வரை. பாப்லர் துளிர்த்து முழுக்க இலை. கவட்டையே தெரியவில்லை, டிஸ்க் எங்கே தெரியும்.

20 ஏப்ரல்

ராலேத் தம்பியிடமிருந்து செய்தி. அவர் மாட்டிய இடத்தில் சந்து 14 தப்படி தூரம், அதாவது முகத்துக்கு முன்னால். முந்தின நாள் மழை. பின்னால் மரம். எல்லாம் பொருந்தியது, டொமஹாக் விட்டிருக்கிறார். இரண்டு பைனுக்கு நடுவே சத்தமே இல்லாமல் போய், தட்டாக நிமிர்ந்து, அதையும் தாண்டித் திரும்பி, கூடைக்கு ஆறு அடியில் விளிம்பில் குத்தி நின்றது. "பேர்டி, அண்ணா" (ஹோலுக்குரிய கணக்கைவிட ஒரு வீச்சு குறைவு) என்று எழுதி, கூடவே செம்மண்ணில் பாதி புதைந்த டிஸ்க்கின் படம். பொறாமையாக இருக்கிறது. அந்த ஆறு அடி தூரக் கடைசி வீச்சை உள்ளே போட்டாயா என்று கேட்டேன். ஒரு நாள் பதில் இல்லை. அப்புறம் "பார்" என்று ஒரு வார்த்தை வந்தது, அதாவது கணக்குக்குச் சரியான வீச்சு, பேர்டி இல்லை.

2 மார்ச்சில் அவர் சொன்ன கட்சியில் இப்போது எனக்கு எவ்வளவு உடன்பாடு என்று கேட்கிறார். முக்கால் என்றேன், கால் என்று மாற்றிக்கொள்கிறேன். ஃபோர்ஹேண்ட் கற்க ஆரம்பித்துவிட்டாராம், அதனால் அந்தக் கால்வாசியையும் விவாதிக்க வேண்டியதில்லை.

27 ஏப்ரல், சனி

காலையில் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. டிஸ்க்கின் உட்புறம் எண் எழுதி வைக்கும் பழக்கம் வீண்போகவில்லை. வியாழன் இரவு அடித்த காற்றில் விழுந்திருக்கிறது போல. யாரோ ஒரு பையன், ஓடைக்குள் கண்டெடுத்தானாம். ஆரஞ்சு ஃபயர்பேர்ட், விளிம்பில் மரப்பட்டை ஒட்டியிருக்கிறது, உங்களுடையதா என்று கேட்டிருந்தான்.

போய் வாங்கினேன். பதினைந்து வயது இருக்கும். டீயிலிருந்து (முதல் வீச்சு விடும் இடம்) ஓடை அவ்வளவு இடப்பக்கம் இல்லையே, எப்படி அங்கே போட்டீர்கள் என்றான். மரத்தைக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தான், இலைதான் தெரிந்தது. நான் எறிந்த இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் முட்காய்களின் மேல் நின்று காட்டினேன். இங்கிருந்தா, என்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். பைக்குள் கையை விட்டு ஒரு புட்டரை எடுத்தான், முழங்காலிட்டான், தாழ்வாக ஒரு ஃபோர்ஹேண்டைத் தள்ளினான். பாப்லரின் அடிமரத்துக்கு இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது.

ஓடையில்தான் விழுந்தது. அவனே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.